இன்னைக்கு மட்டும் கைநாட்டு

“எங்கம்மாவுக்கு முன்வரிசையில ஒரு சீட் வேணும்.”

கேட்டே விட்டாள். கேட்கவே கூடாது என்று மூன்று வாரமாகப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஒத்திகை அறையின் கதவிலும் ஒட்டியிருந்தது: ‘உங்கள் கதையில் வருகிறவர்களை அரங்குக்கு அழைக்காதீர்கள். அழைக்கலாமா என்று கேட்கவும் கேட்காதீர்கள்.’ அதற்கு மேலே கொட்டை எழுத்தில் நிகழ்ச்சியின் பெயர்: ‘உள்ளது உள்ளபடி.’ சொந்த வாழ்க்கையில் நடந்ததை, கையில் தாள் இல்லாமல், முந்நூறு பேர் முன்னால் பத்து நிமிடம் சொல்ல வேண்டும். உண்மையாக இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்பார்கள். அந்த உண்மைக்குச் சொந்தக்காரர் மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

பயிற்சி கொடுக்கிற அம்மையார் கையிலிருந்த கடிகாரத்தை அமுக்கி நிறுத்தினார். இவள் மனசுக்குள் அவருக்கு மூச்சம்மா என்று பெயர் வைத்திருந்தாள். தொண்டை அடைத்தாலும் “மூச்சை உள்ள இழு”, விளக்கு அணைந்தாலும் “மூச்சை உள்ள இழு.” அறையில் இருந்த பாதிக் காற்று அவர் ஒருவருக்கே செலவாயிற்று.

“கண்ணா, ரூல் தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சும் கேக்கறே?”

“தெரிஞ்சதாலதான் கேக்கறேன்.”

“அம்மா எதிர்ல உக்காந்தா உனக்கு வாயே வராது. அவங்க மூஞ்சியைப் பாத்துப் பாத்துக் கதையை மாத்துவே. போன வருஷம் இப்படித்தான் ஒருத்தர் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்துட்டார். பாதியில அந்தம்மா எந்திரிச்சு நின்னு, ‘அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலீங்க’ன்னுட்டாங்க.”

“அப்போ எது உண்மை மேடம்?”

“அவர் எவ்வளவு நல்லா சொல்லிட்டிருந்தார் தெரியுமா!”

அந்தக் கேள்விக்கு அதுதான் பதில்.

இவளுக்கு முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டு மூலையில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தவர் மலையேறி. பெரிய வேலையை உதறிவிட்டு மலையேறப் போய், பனியில் வழி தவறி, கடைசியில் தன்னைத் தானே கண்டுபிடித்துக்கொண்ட கதை அவருடையது. தொலைந்தவரும் அவர், கண்டெடுத்தவரும் அவர். நடுவில் அவரை முதுகில் தூக்கிப் பாதி மலை இறங்கிய சுமைகூலிக்குக் கதையில் ஒரு வரி. ‘அப்பா’ என்று சொல்லிவிட்டு இரண்டு நொடி நிறுத்திக் கண்ணைத் துடைப்பார். மூன்று வாரமும் அதே சொல், அதே இரண்டு நொடி, அதே வலது கண். இடது கண் பக்கம் விளக்கு விழாது என்று மூச்சம்மா அவருக்குச் சொல்லியிருந்தார்.

இவள் கண்ணைத் துடைக்க வேண்டிய இடம் ‘கைநாட்டு.’

பட்டம் வாங்கி இரண்டு வருடமாக நகல் எடுக்கிற கடையில் வேலை. ‘உள்ளது உள்ளபடி’யின் விண்ணப்பத்தை ஐந்நூறு பிரதி எடுத்துக் கொடுத்தவளே இவள்தான், ஐந்நூற்றொன்றாவதைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். நன்றாகச் சொல்கிறவர்களில் ஒருவருக்கு அந்த நிறுவனத்திலேயே பயிற்சியாளர் வேலை என்று அதில் போட்டிருந்தது. அந்த வேலை இவளுக்குத்தான் என்று மூச்சம்மா இன்று வந்ததுமே கன்னத்தைத் தட்டிச் சொல்லிவிட்டார். “இன்னைக்கு மட்டும் நல்லா சொல்லிடு. திங்கட்கிழமை நீ எங்க ஆபீஸ்ல.”

மூன்று வாரத்துக்கு முன்னால், நிகழ்ச்சிக்கு ஆள் எடுத்த தேர்வு நாளன்று இவள் சொல்லப் போனது ஒரு சிரிப்புக் கதை. அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்து வரும் படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் தேய்த்து, துணி ஓரத்தில் இருக்கும் வார்டின் பெயரைப் படித்து, அடுக்கடுக்காகப் பிரித்து வைக்க வேண்டும். மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்கு முந்தின நாள் நீராவி பட்டு வலது கை வெந்துபோயிற்று. மணிக்கட்டு வரை பூசணிக்காய் கனத்துக்குக் கட்டு. கல்லூரி எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கைநாட்டா?” என்று மைப்பெட்டியைத் தள்ளினார். அம்மா கட்டுப் போட்ட கையை அவர் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டி, “இன்னைக்கு மட்டும் கைநாட்டு சார். கட்டைப் பிரிச்சதும் கையெழுத்து” என்று சொல்லி இடது கட்டைவிரலை உருட்டினாள். அன்றிலிருந்து வீட்டில் அதுவே பேச்சு. குழம்பில் உப்பு விட்டுப்போனால், தலை வாராமல் கிளம்பினால், யாருக்காவது எதற்காவது உடம்பு வணங்கவில்லையென்றால், “இன்னைக்கு மட்டும் கைநாட்டு.”

“நான் காலேஜ்ல சேந்த அன்னைக்கு எங்கம்மா கைநாட்டு வெச்சாங்க” என்று ஆரம்பித்து, அடுத்த வரியில் சிரிப்பு வருவதற்காக ஒரு நொடி நிறுத்தினாள். அந்த ஒரு நொடியில் அறையே உச்சுக் கொட்டியது. ஒரு பெண்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மூச்சம்மா எழுந்து வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். மிச்சக் கதை நாக்குக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

அதை இவள் விழுங்கினாள். யாரும் இவள் வாயைப் பொத்தவில்லை. ‘இருங்க, இன்னும் முடியல’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மூன்று வருடம் வகுப்பில் கை தூக்கியும் திரும்பிப் பார்க்காத உலகம், முதல் தடவையாக வாயைப் பிளந்துகொண்டு இவளைக் கேட்டது. ருசி கண்டுவிட்டாள். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. “உன் சர்ட்டிபிகேட்டை அவங்க தலைகீழாப் பிடிச்சிருப்பாங்க இல்ல?” என்று மூச்சம்மா கேட்டார். “இருக்கலாம்” என்றாள். மறுநாள் அது கதையில் ஏறிவிட்டது. அடுத்த வாரம் அம்மாவுக்குப் பஸ் பலகை படிக்கத் தெரியாமல் போயிற்று. எட்டாவது வரை படித்து, கூடத்தில் பாதிப் பேருக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கிற அம்மாவை, மூன்றே வாரத்தில் தற்குறியாக்கியாயிற்று. மூச்சம்மாவைத் திட்டலாம், மலையேறியைக் கேலி பேசலாம். இவள் மட்டும் என்ன யோக்கியம்?

அதனால்தான் சீட் கேட்டாள். அம்மா எதிரில் உட்கார்ந்தால் இவளுக்கு அந்தப் பொய் வராது. மூன்று வாரத்தில் மூச்சம்மா சொன்ன ஒரே நிஜம் அது. வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடு என்று காலையிலேயே அம்மாவிடம் சொல்லியும் விட்டாள்.

உதவியாளர் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “மேடம், வெளியில ஒரு அம்மா நிக்கறாங்க. போஸ்டரையெல்லாம் ஒவ்வொண்ணா சத்தமாப் படிச்சிட்டிருக்காங்க.”

இவள் வெளியே ஓடினாள். போஸ்டரை மறந்தே போயிருந்தாள்.

வெளிக்கூடத்துச் சுவரில் ஆளுக்கொரு படம். அம்மா தோளில் வேலைப் பையோடு இவள் படத்துக்குக் கீழே நின்றிருந்தாள். முகத்தில் பாதியை இருட்டாக்கிய படம்.

“கைநாட்டுத் தாயின் பட்டதாரி மகள்” என்று நிறுத்தி நிதானமாகப் படித்தாள் அம்மா. மகளைப் பார்த்ததும், “ஏண்டி, உன் போட்டோவுக்குக் கீழ வேற யாரோட பேரையோ ஒட்டி வெச்சிருக்காங்க பாரு. வார்டு மாறிப்போச்சு. எங்க கூடத்துல இப்படி மாறினா மொத்த மூட்டையையும் பிரிப்பாங்க. போய்ச் சொல்லு” என்றாள்.

பின்னாலேயே வந்த மூச்சம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக, உரக்க, “அம்மா... வாங்க... நல்லா இருக்கீங்களா?” என்றார்.

“காது நல்லாத்தான் கேக்குது மேடம்.”

மூச்சம்மாவுக்கு அது காதில் விழவில்லை. அவர் பார்வை அம்மாவின் வலது கைத் தழும்பில் நிலைகுத்தி நின்றது. “ஐயோ, இந்தக் கை! கண்ணா, நீ சொல்லவே இல்லையே! சீட் என்ன சீட்? ரூலைத் தூக்கிப் போடு. கடைசியில அம்மா மேடைக்கே வர்றாங்க. விளக்கெல்லாம் அணைச்சிடறோம், ஒண்ணே ஒண்ணு மட்டும் அவங்க மேல. மை தடவின கட்டைவிரலை அப்படியே உயரத் தூக்கறாங்க. போதும். ஒரு வார்த்தை பேச வேணாம்.” உதவியாளரைப் பார்த்து, “ஆபீஸ்ல இங்க் பேட் இருக்கா பாரு” என்றார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்ங்க.”

“தெரியட்டும்மா, சந்தோஷம். அது உங்க தனிப்பட்ட விஷயம். கதைக்குத் தேவையில்ல.”

அம்மா மெல்ல மகள் பக்கம் திரும்பினாள். “நீ சொன்னியா?”

“ஆமாம்மா.”

“கட்டுப் போட்டிருந்தது?”

“சொல்லல.”

“கட்டைப் பிரிச்சதும் கையெழுத்துன்னு சொன்னேனே, அது?”

“அதுவும்தான்.”

“அப்போ யாரும் சிரிக்கலியா?”

“இல்லம்மா. அழுதாங்க.”

“அது சிரிக்கிற இடமாச்சேடி” என்றாள் அம்மா. கோபமே இல்லாமல் சொன்னாள். செவிட்டில் ஒன்று விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது இவளுக்கு. அம்மா பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கினாள்.

“பிடி அவங்களை!” என்று பதறினார் மூச்சம்மா.

“நான் முழுசாச் சொல்லட்டுமா மேடம்? கட்டு, எழுத்தர், கடைசி வரி எல்லாத்தோடயும்?”

“அந்த வரி வந்தா கதையே படுத்துடும் கண்ணா. ஜோக்குக்கு யாரும் டிக்கெட் வாங்கல.” உதவியாளர் மைப்பெட்டியோடு ஓடி வந்து நின்றாள். மூச்சம்மா அதைத் திறந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். “சரி, அம்மா இல்லாட்டி பரவாயில்ல. நீயே விரலைத் தூக்கு. அவங்க விரலா நினைச்சுத் தூக்கு. திங்கட்கிழமை ஞாபகம் இருக்கில்ல? மூச்சை உள்ள இழு.”

யோசிக்க இனி ஒன்றும் இல்லை. ‘தனிப்பட்ட விஷயம்’ என்ற சொல் காதில் விழுந்தபோதே முடிவாகிவிட்டது. அதற்கப்புறம் கேட்டதெல்லாம், பின்னால் நமக்கே சந்தேகம் வரக் கூடாதே என்று கேட்டது. சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றி, திறந்திருந்த மைப்பெட்டிக்குள் வைத்தாள்.

“ஏய், அது ஈரம்!” என்றார் மூச்சம்மா.

சுவரில் இருந்த தன் பாதி முகத்தை மேல்மூலையில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ‘பட்டதாரி மகள்’ கையோடு வந்தது. ‘கைநாட்டுத் தாயின்’ சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. நகத்தால் சுரண்டினாள். கொஞ்சம் வந்தது, மிச்சம் வரவில்லை.

“இப்போ போனா திரும்பி வர முடியாது, சொல்லிட்டேன்!”

மலையேறி வெந்நீர்க் கோப்பையோடு வாசலில் வந்து நின்று, யார் கதையிலோ நல்ல இடம் வந்துவிட்டதுபோல ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் அவரைத் தாண்டிப் படி இறங்கினாள். தெருவில் அம்மா வெகுதூரம் போயிருந்தாள். திரும்பிப் பார்க்கிறவளாகத் தெரியவில்லை. இவள் கூப்பிடவில்லை, கையிலிருந்த காகிதத்தைக் கசக்கிக்கொண்டே அந்தப் பக்கம் வேகமாக நடந்தாள்.