கோதுமைக்குள் ஒன்பது கறுப்பு வட்டங்கள்

மனைவியின் நினைவிலிருந்து ஒரே ஒரு பிற்பகலை அகற்ற என்ன விலை ஆகும்? ஆஸ்திரேலியாவின் வாராபெட்டில் பதினோராயிரம் டாலர். மெர்வ் கூட்ஸ் அதைத்தான் கொடுத்தான், ஒரே தவணையில், ரசீதும் வாங்கிக்கொண்டு.

அந்தப் பணத்துக்கு அவனுக்குக் கிடைத்தது ஊரின் கோல்ஃப் மைதானம். மழை பொய்த்து, இளசுகள் மெல்போர்னுக்குப் போய், கடைசியில் சங்கத்தையும் கலைத்தபோது ஏலத்துக்கு வந்த நாற்பது ஏக்கர் நிலம் அது. கை தூக்கியவன் அவன் ஒருவன்தான். மண் மட்டம், வேலி மோசம் என்று நல்ல வியாபாரியைப்போல முகம் சுளித்துக்கொண்டேதான் தூக்கினான். ஆனால் அவனுக்கு வேண்டியது மண் அல்ல.

கல்யாணத்துக்கு முந்தைய வருஷம். நோரீனின் விரலில் அவன் போட்ட மோதிரம் இருந்தது, அவனோ விதைப்பில் மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே மைதானத்தில் அவள் கலப்பு ஜோடிப் போட்டியில் டெஸ்மண்ட் ஹோலிஸ் என்ற வங்கிக் குமாஸ்தாவோடு ஆடி ஜெயித்தாள். அந்த ஆட்டத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. முறை வைத்து மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒரே பந்தின் மேல் இரண்டு தலைகள், பிற்பகல் முழுக்க! குமாஸ்தாவை வங்கி சீக்கிரமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. வெள்ளிக் கோப்பை மட்டும் நோரீனோடு மெர்வ் வீட்டுக்கு வந்தது. அதில் அவள் முட்டைகளை அடுக்கி வைத்தாள். மெர்வ் முட்டை தின்பதை விட்டான்.

நிலம் கைக்கு வந்த வாரமே உழுதான். மேடுகளை நிரவினான், சங்கத்தின் தகரக் கொட்டகையைப் பழைய இரும்புக்குப் போட்டான், கோதுமை விதைத்தான். பயிர் எங்கும் வந்தது, ஒன்பது இடங்களைத் தவிர. புல் நிற்காத வறண்ட சீமை அது. அதனால் ஆட்டத்தின் ஒன்பது குழிகளையும் சுற்றிப் புல்லுக்குப் பதில் மணல் கொட்டி, அது காற்றில் பறக்காதபடி வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றி உருட்டியிருந்தார்கள். அந்த வட்டங்களில் எதுவும் முளைக்கவில்லை. எருப் போட்டான், சுண்ணாம்பு போட்டான், லாரியில் செம்மண் அடித்தான். வருஷா வருஷம் பச்சைக்கு நடுவில் ஒன்பது கறுப்பு வழுக்கைகள், சமையலறை ஜன்னலுக்கு நேரே. பாத்திரம் கழுவும்போதெல்லாம் நோரீன் அங்கேதான் பார்ப்பாள். அவள் பார்ப்பதை மெர்வ் பார்ப்பான்.

இருபது வருஷம் இப்படிப் போனது. அப்புறம் ஊர்க்கூடல் வந்தது. வாராபெட்டில் எப்போதாவது குடியிருந்த அத்தனை பேரும் ஈஸ்டருக்குத் திரும்பி வருவதாக ஏற்பாடு. தபால் நிலையத்து க்ளெனிஸ் மெர்வின் கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

“ஒரே ஒரு குழி ஆடிக்கறோம், மெர்வ். நாலாவது. அறுப்பு முடிஞ்சு நிலம் சும்மாதானே கெடக்கு?”

“சும்மா கெடக்கா? அது தூங்குது. எழுப்பினா யாரு தாலாட்டுறது?”

“நூறு டாலர் தாலாட்டு.”

“யாரெல்லாம் வர்றாங்க?”

“பழைய ஜோடிங்க எல்லாரும். டெஸ்மண்ட் ஹோலிஸ்கூட எழுதியிருக்கார். சம்சாரம் தவறிட்டாங்களாம், பாவம். தனியா வர்றார்.”

மெர்வின் பேரம் அந்தத் ‘தனியா’வில் சரிந்தது.

“நூறு வேண்டாம். நோரீன் என்கூடத்தான் ஜோடி சேரணும். அதான் வாடகை.”

“நீ மட்டையத் தொட்டு நான் பார்த்ததில்லையே!”

“பாம்பு அடிச்சிருக்கேன்.”

“அப்ப பந்து நெளிஞ்சாத்தான் உனக்கு அடிக்க வரும்.”

சனிக்கிழமை காலை நாலாவது வட்டத்தில் குழி வெட்ட மெர்வ் மண்வெட்டியோடு போனான். இருபது வெயில் தின்ற எண்ணெய் ரொட்டிபோல் இறுகியிருக்க வேண்டும். மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஒரு பிடி அள்ளி மோந்தான். அவனுடைய டிராக்டர் எண்ணெய். இந்தக் கோடையில் வடித்தது.

நேரே சமையலறைக்கு நடந்தான். நோரீன் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் வடிச்சு வைக்கிற எண்ணெயெல்லாம் எங்க போகுது?”

“போக வேண்டிய இடத்துக்கு.”

“இருபது வருஷமாவா?”

“விதைப்புக்கு முன்னாடி நீ ஆட்டுச் சந்தைக்குப் போவியே, அன்னிக்கு. நீ கொட்டின எருவ அள்ளிப் பாத்தியில போட்டுட்டு எண்ணெய ஊத்துவேன். பின்ன, நம்ம பூசணி எப்படி இந்தப் பருமன் வருதுன்னு நெனச்சே?”

“அவனுக்காகவா?”

“எவனுக்காக?”

“ஹோலிஸ்.”

நோரீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.

“டெஸ்மண்டா? அந்த ஆளு ரெண்டடி தூரத்துல நின்னு குழியத் தவற விடுவான். அன்னிக்கு அவன முதுகுல சுமந்துட்டுப் போய்த்தான் ஜெயிச்சேன். இந்த ஜில்லாவுலயே என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது, மெர்வ். எனக்குன்னு இருந்தது அந்த ஒரு எடம். நீ கேக்கல. வாங்கின, உழுத.”

மெர்வ் ஜன்னல் வழியே கறுப்பு வட்டங்களைப் பார்த்தான். இத்தனை வருஷப் பொறாமை, வட்டியும் முதலுமாக, தப்பு விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதற்காக வயிற்றெரிச்சல் அடங்கியதா? ஆளை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். ஓர் ஆம்பளையை எப்படியாவது சமாளிக்கலாம். நாற்பது ஏக்கரை என்ன செய்வது? உழுதும் பார்த்தாகிவிட்டது.

ஞாயிறு மதியம் ஊரே அறுத்த கோதுமைத் தாள்களை மிதித்துக்கொண்டு வந்து நின்றது. டெஸ்மண்ட் ஹோலிஸ் காதுக் கருவியும் வெள்ளைத் தொப்பியுமாய் வந்தார். நேராக க்ளெனிஸின் இரண்டு கையையும் பற்றினார்.

“நோரீன்! கொஞ்சம்கூட மாறலையே நீ!”

மெர்வுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ரோஷம் வந்தது.

“நோரீன் இவங்க,” என்றான் வெடுக்கென்று. “நல்லாப் பாரும்.”

டெஸ்மண்டுக்கு க்ளெனிஸ் ஜோடி. நோரீன் முதலில் அடித்தாள். மட்டை பந்தில் பட்ட ஓசையில் பேச்செல்லாம் நின்றது. பந்து யூகலிப்டஸ் வரிசைக்கு மேலே ஏறி, அவசரமில்லாமல் இறங்கியது. அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை மெர்வ் பார்த்தான். கல்யாணத்தன்றுகூட அது தன் பக்கம் திரும்பியதில்லை என்று தோன்றியது. 

அடுத்த அடி அவனுடையது. பந்து ஒரு முழம் நகர்ந்தது.

“பாம்பு செத்துச்சா, மெர்வ்?” என்றாள் க்ளெனிஸ். கூட்டம் சிரித்தது.

நோரீன் சிரிக்கவில்லை. அவள் முறையில் பந்தை முன்னே தள்ளிவிட்டு, அவன் முறை வந்ததும் அவனருகே குனிந்தாள். “தலையத் தூக்காதே. பந்தப் பாரு. என்னைப் பாக்காதே.”

அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது பந்தைப் பார்த்தான். ஒரே பந்தின் மேல் இரண்டு தலைகள். இந்த அடி கொஞ்சம் நேராகவே போனது.

பந்தைக் குழிக்குள் தள்ள கூட்ஸ் ஜோடிக்கு ஒன்பது அடி பிடித்தது, எதிர்ஜோடிக்கு ஆறே போதுமாயிருந்தது. தோற்றார்கள். ஊர் தேநீருக்குக் கலைந்த பிறகு கால்தடம் பட்ட மணலை நிரவ நோரீன் இரும்புக் குழாயை இழுக்க, மறுமுனையை மெர்வ் பிடித்தான்.

“இந்த வருஷம் இந்த நாப்பது ஏக்கரையும் விதைக்காம விட்டுடறேன்,” என்றான். சொன்னவுடனேயே அதிகம் கொடுத்துவிட்டோமோ என்று அவனுக்கு மனசு அடித்துக்கொண்டது.

“அது வட்டிக்கே பத்தாது. இருபது வருஷம். வருஷத்துக்கு இருபது ஞாயிறு. ஞாயித்துக்கு ஒம்பது குழி. மூவாயிரத்து அறுநூறு.”

“இன்னிக்கு ஆடினோமே?”

“ஆமா, ஒண்ணு கழிச்சுக்க. பாக்கி மூவாயிரத்து ஐநூத்தித் தொண்ணூத்தொம்பது.”