இரண்டு கரண்டி பாயசம்

1

இந்தக் கதை என் சர்க்கரை வியாதியில் தொடங்கியது. மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோ உணவில் சர்க்கரை இறங்கும் என்று யாரோ சொல்ல, சேலத்தில் ஓர் உணவியல் நிபுணரைப் பார்க்கப் போனேன். “சிலருக்கு இறங்கும். உங்க கிட்னி இருக்கிற நிலைமைக்கு நீங்க நெனைக்கவே கூடாதுங்க” என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். வெளியே பெஞ்சில் அஜீஸா, ஏழு வயது மகள் ஜோயாவுடன் உட்கார்ந்திருந்தார். எனக்கு மறுக்கப்பட்ட அதே உணவு அந்தச் சிறுமிக்கு மருந்து.

(பேச்சுவாக்கில், கதை எழுதுகிறவன் என்று சொல்லிவைத்தேன். “எங்க கதையை எழுதுங்க சார்” என்றார். ஒப்புக்கொண்டேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘அஜீஸாவின் வாழ்க்கை ஒரு தராசின் முள்ளில்—’

அடித்துவிட்டேன். அவர் வீட்டுத் தராசில் முள்ளே கிடையாது. வெண்ணெய் நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு அது.

நடந்ததைச் சொல்கிறேன். ஜோயாவுக்கு நான்கு வயதிலிருந்து வலிப்பு. மூன்று மருந்துகள் மாற்றிப் பார்த்தும் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை விழுந்தாள். நரம்பியல் மருத்துவர் அவளை ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்து இந்த உணவைத் தொடங்கினார். தேங்காய் எண்ணெய், வெண்ணெய், முட்டை, கொஞ்சம் கீரை. எல்லாம் கிராம் கணக்கு. சோறு கிடையாது, இனிப்பு கிடையவே கிடையாது. மாத்திரைகளும் தொடர்ந்தன. ஏழாவது வாரம் வலிப்பு நின்றது. அதற்கப்புறம் ஐந்து மாதம் ஒன்றுகூட வரவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் பாதி ஷைமாவின் உழைப்பு. அஜீஸாவின் கணவர் வாஜித்துக்குத் தங்கை. வாரா வாரம் தம்மம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, காலிஃப்ளவரைத் துருவிச் சோறு மாதிரி ஆக்கிக் கொடுத்தவள்.

3

பெருநாளன்று ஷைமா வீட்டாருக்கெல்லாம் சேமியா பாயசம் கொண்டுவந்தாள். யாரும் பார்க்காதபோது, பாவம் பார்த்து, ஜோயாவுக்கு இரண்டு கரண்டி ஊட்டிவிட்டாள். சாயங்காலம் குழந்தை வாசற்படியில் விழுந்தாள். மோவாய் கிழிந்து நான்கு தையல். வாஜித் போனில் கத்தினார்: “நீ குடுத்த பாயசந்தானே? இனிமே எங்க ஊட்டுப் பக்கம் வராதே!” “இல்லண்ணே, அல்லா மேல சத்தியம்” என்று ஷைமா அழுதாள். அவர் நம்பவில்லை.

இப்படித்தான் எழுதினேன். வாஜித் சொன்னதும் இதுதான். கதைக்கும் வசதியாக இருந்தது: பாசக்காரி, அறியாமல் செய்த தீங்கு. எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அஜீஸாவிடம் படித்துக் காட்டினேன்.

4

நான் படித்து முடித்தேன். அஜீஸா சொன்னார்: “அவளைப் போடாதீங்க சார். நாந்தாங்க குடுத்தேன்.”

(இந்த இடத்தில் அஜீஸாவின் முகத்தை வருணித்து ஆறு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.)

பெருநாள் மதியம் எல்லோருக்கும் இலை போட்டபோது, யாரும் சொல்லாமலே ஜோயா எழுந்து உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாளாம். ஒரு தடவைகூடப் பாயசம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அஜீஸா திட்டியிருப்பார், மறுத்திருப்பார். கேட்காத பிள்ளையை என்ன செய்வது? கிண்ணத்தை எடுத்துப்போனார். வாயருகே கரண்டி வந்ததும் ஜோயா கேட்டாள்:

“எடை போட்டியாம்மா?”

“போட்டுட்டேன் சாமி.”

இரண்டு கரண்டி.

மருத்துவமனையில் தையல் போடும்போது வாஜித் போனில் தங்கையைத் திட்டிக்கொண்டிருந்தார். அஜீஸா மகளின் கையைப் பிடித்தபடி நின்றார். வாய் திறக்கவில்லை. மருத்துவர் கேட்டதற்கும், “சொந்தக்காரங்க குடுத்துட்டாங்க” என்றார். உணவை மறுபடி ஒழுங்காகத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் வலிப்பு நின்றது. ஷைமா வருவதும் நின்றிருந்தது.

“நெசத்தையே எழுதுங்க சார். புஸ்தகத்துல வந்தா அவரு படிச்சுக்குவாரு.”

“அது கதையோட வேலை இல்லைங்கம்மா” என்றேன். சொன்ன பிறகு, அது உண்மைதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

5

அன்றே அஜீஸா கணவரிடம் சொல்லிவிட்டார். வாஜித் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள், “கெளம்பு” என்றார். ஜோயாவின் மதிய உணவை எடைபோட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு மூவரும் தம்மம்பட்டிக்குப் பஸ் ஏறினார்கள். கதவைத் திறந்தது ஷைமாதான்.

அதுவரை அஜீஸா சொன்னார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அத அவதாங்க சொல்லணும்.”

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஷைமா அண்ணியைக் கட்டிக்கொள்கிறாள். இன்னொன்றில் கதவைச் சாத்துகிறாள். மூன்றாவதில் யாரையும் பார்க்காமல், “புள்ள சாப்பிட்டாளா?” என்று மட்டும் கேட்கிறாள். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அதையும் அடித்தேன்.

செய்யாத குற்றத்தை ஷைமா மீது அவள் அண்ணன் ஒருமுறை சுமத்தினார். விசாரிக்காமல் நானும் ஒருமுறை சுமத்தினேன். கொடுத்தாளா என்றே தெரியாத மன்னிப்பையும் அவள் பெயரில் எழுத எனக்கு என்ன உரிமை?

நீங்கள் வேண்டுமானால் ஷைமாவையே கேட்டுப் பாருங்கள். அவள் சொன்னால் உண்டு.