குணரத்தினத்தின் ஐம்பது அடி

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் நில அளவையாளராக இருந்த நகுலேஸ்வரன், மொன்றியலுக்கு வந்தபின் லாசால் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகள் அடுக்கிக்கொண்டிருந்தார். 2004ஆம் ஆண்டு வைகாசியில்தான் அதிலிருந்து தப்ப ஒரு வழி தெரிந்தது. புறநகரான பியர்பொன்ட்ஸில் பழைய வீடொன்றை வாங்கியிருந்த தமிழ்ச் சங்கத் தலைவர் குணரத்தினத்துக்கு, நில அளவை நிறுவனம் நடத்தும் ஒரு பிரெஞ்சுக்காரரைத் தெரியும்.

"அவனிட்ட உம்மைப் பற்றிச் சொல்லுறன்" என்றார் குணரத்தினம். "அதுக்கு முதல் என்ர வளவை ஒருக்கா அளந்து தாரும். வேலி போட வேணும்."

அளக்கப் போன அன்று, தேநீர் குடித்தபடி நகுலேஸ்வரன் தமக்குப் பிடித்த கதையைத் தொடங்கினார். ஜோர்ஜ் வாஷிங்டன் பதினாறு வயதில் ஃபெயர்ஃபக்ஸ் பிரபுவின் காடுகளை அளக்கப் போனவர். அடுத்த வருடமே ஒரு மாவட்டத்துக்கு அளவையாளர். அந்தக் குடும்பத்தின் சொல் இல்லாவிட்டால் அந்த வயதில் அந்தப் பதவி யாருக்குக் கிடைத்திருக்கும்? ஜெபர்சனின் தகப்பனும் அதே பிரபுவின் எல்லைக்கோட்டை அளந்தவர்தான். லிங்கனும் கொஞ்சக் காலம் அந்த வேலை பார்த்தார்.

"அப்ப நான் பிரபு, நீர் வாஷிங்டன்!" குணரத்தினம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பிரபு முதல்ல கராஜைக் கூட்டட்டும்" என்றார் அவர் மனைவி சிவநேசம், குசினிக்குள் சமைத்தபடி.

வளவின் வலது மூலையில், எல்லையைக் காட்ட நிலத்தில் அடித்த எல்லை இரும்பு இருந்தது. இடது மூலையில் எதையும் காணவில்லை. பழைய காணி உறுதிப் பத்திரம் முழுக்கப் பிரெஞ்சில். இலக்கத்துக்கு மொழி ஏது என்று நகுலேஸ்வரன் இலக்கங்களை மட்டும் பார்த்தார். அகலம் ஐம்பது. இரும்பிலிருந்து அளவு நாடாவை இழுத்து ஐம்பதாவது அடியில் குறி வைத்தார். அடுத்த சனிக்கிழமை இருவருமாக எட்டுத் தூண்களைக் கொங்கிறீற் போட்டு நட்டார்கள்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு அவன் உம்மைச் சந்திக்கிறானாம்" என்றார் குணரத்தினம். "என்ர வேலியை அளந்தது நீர்தான் எண்டும் சொல்லிப்போட்டன்."

திரும்பும் பஸ்ஸில், திங்கட்கிழமைக்குப் பிரெஞ்சு பழகுவோம் என்று உறுதியின் பிரதியை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். ஐம்பது என்ற இலக்கத்துக்குப் பின்னால் இரண்டு சொற்கள் இருந்தன. பிரெஞ்சு அளவு.

பழைய கியூபெக் உறுதிகளில் வரும் பிரெஞ்சு அடி, ஆங்கில அடியைவிட முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட. நூலகத்தில் எப்போதோ வாசித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பஸ் ரிக்கெற்றின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தார். வேலி மூன்றடி மூன்றரை அங்குலம் உள்ளே நின்றது. குணரத்தினத்தின் நிலம் அவ்வளவும் பக்கத்து வீட்டுக்காரனின் பக்கம் போயிருந்தது.

வேறு யாருக்கும் தெரியாது. குணரத்தினம் உறுதியை வாசிக்கப்போவதில்லை. திங்கள் பின்னேரம் சொன்னால் என்ன என்றும் யோசித்தார். ஆனால் அந்தப் பிரெஞ்சுக்காரர் வேலியைப் பற்றித்தான் முதலில் கேட்பார்; சரியாக அளந்தேன் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த தரிப்பில் இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்க பஸ்ஸுக்காக அரைமணி நேரம் நின்றார்.

"மூண்டடியோ!" குணரத்தினம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஒரு வேலிக் கதிகால் தள்ளி நட்டதுக்காக என்ர அப்பர் பன்னிரண்டு வருசம் கோட்டுக்கு அலைஞ்சவர். நீர் மூண்டடியைத் தூக்கிக் குடுத்திட்டு வந்து நிக்கிறீர்!"

"தானா வந்து சொன்னாரெல்லே. அதைப் பாருங்கோவன்" என்றார் சிவநேசம்.

"சொன்னது சரியப்பா. நல்லா அளப்பார் எண்டு நான் இனி எந்த வாயால அவனுக்குச் சொல்லுறது?"

"சொல்ல வேண்டாம் அண்ணை" என்றார் நகுலேஸ்வரன்.

குணரத்தினம் அவர் முன்னாலேயே தொலைபேசியை எடுத்தார். திங்கட்கிழமைச் சந்திப்பு இல்லாமல் போனது.

ஞாயிறு காலை நகுலேஸ்வரன் மண்வெட்டியோடு வந்தார். கொங்கிறீற் கட்டியோடு ஒரு தூணைக் கிளப்ப ஒன்றரை மணி நேரம் பிடித்தது. குணரத்தினம் யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தூணுக்குக் குழி வெட்டும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, அளவு நாடாவின் மற்ற முனையை எல்லை இரும்பில் வைத்துப் பிடித்தார்.

"எவ்வளவு?"

"ஐம்பத்து மூண்டடி, மூண்டரை அங்குலம்."

"திருப்பி அளந்து பாரும்" என்றார் குணரத்தினம்.

நகுலேஸ்வரன் திருப்பி அளந்தார்.