தேருக்கு ஓர் உயர் ஆணையாளர்

போலந்துக்குக் கடலுக்குப் போக வழி வேண்டும், ஜெர்மனிக்கு விட மனமில்லை. அதனால் முதல் உலகப் போர் முடிந்ததும் டான்சிக் துறைமுகத்தை இருவருக்கும் கொடுக்காமல் சர்வதேச சங்கம் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, பஞ்சாயத்துப் பண்ண ஓர் உயர் ஆணையாளரை அனுப்பியது. உயர்தர வகுப்பில் வருடாவருடம் இதைச் சொல்லிக்கொடுக்கும் கஜனி டீச்சர், வாய் சும்மா இருக்காமல் கோயில் கூட்டத்திலும் சொல்லிவைத்தாள்.

தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் மாரியம்மன் தேர் தலவாக்கலை டவுனுக்குப் போக ஒரே ரோடு. அது கீழ் டிவிசன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல் வழியாகத்தான் போகிறது. போன வருடம் லயத்தில் நின்று அர்ச்சனைத் தட்டு வாங்காமல் தேர் போனதில் கல் பறந்தது. இந்த வருடம் வழியே கிடையாது என்றது கீழ் டிவிசன்.

"அப்ப டீச்சரே ஆணையாளரா இருங்க," என்றார் மேல் டிவிசன் தலைவர் சோலைமலை. "யாழ்ப்பாணத்து ஆளு, ரெண்டு பக்கமும் சேராதவங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். கீழ் டிவிசனில் குடியிருந்து, அவர்கள் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் காய் நறுக்கியவள் அவள். எங்கும் சேராததற்குப் பதவி வேறு. சிரித்துத் தலையாட்டிவிட்டு, வீட்டில் ரொட்டியைக் கருக்கினாள்.

தீர்ப்பு சுலபம்: தேர் போகலாம், லயத்தில் நின்று தட்டு வாங்க வேண்டும்.

தேரன்று பக்கத்து வீட்டு நாகலெட்சுமி தட்டோடு லயத்து வாசலில் நின்றாள். கஜனி வெள்ளைக் கொடியை ஆட்டினாள்.

"நிப்பாட்டுங்கோ!"

"நேரமாயிருச்சு டீச்சர்," என்றான் தேரை இழுத்த டிராக்டரில் இருந்த அழகுமுத்து. "கொடி காட்டினா நிக்க இது என்ன ரயிலா?"

ஆணையாளருக்குப் படை கிடையாது என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பாள். அந்த மனுசனுக்கு எப்படி வியர்த்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

தேர் நாகலெட்சுமியைத் தாண்டப் போனது. கஜனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிராக்டரில் ஏறினாள். சாவியை உருவி ரவிக்கைக்குள் போட்டாள். இஞ்சின் இருமி அடங்கியது.

அழகுமுத்து கையை நீட்டினான். எங்கே நீட்டுகிறோம் என்று உறைத்ததும் மடக்கிக்கொண்டான். தலைவர் அம்மனை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். பெண்கள் சிரித்த சிரிப்பில் தப்பு மேளம் நின்றுபோனது.

"இது ஞாயமா டீச்சர்? நடுவுல நிக்க வேண்டிய ஆளு!" என்றான் அழகுமுத்து.

"நடுவாவது கிடுவாவது! மொதல்ல தட்ட வாங்கச் சொல்லுடா, எருமை!"

அது யாழ்ப்பாணத் தமிழ் இல்லை என்பது அவளுக்கே பிறகுதான் உறைத்தது.

தேரிலிருந்த பூசாரி அவசரமாகத் தட்டை வாங்கினார். "இவங்க சரிப்பட மாட்டாங்க, சுத்தமா கீழ் டிவிசன்," என்று தலைவர் அங்கேயே பதவியைப் பறித்தார். கஜனி கோபப்படப் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

"இளிச்சது போதும்," நாகலெட்சுமி அவள் விலாவில் இடித்தாள். "சாவிய எடுடி, அம்மன் குளிர்ல நிக்கிது."