வருஷத்துக்கு ஒரு சீசன்

என் மனைவி செண்பகவல்லி காலமான பிறகு அவளைப் பற்றி யார் பேசினாலும், எங்கள் மகள் குழல்வாய்மொழியைப் பள்ளியில் சேர்க்கப் போன நாள்தான் எனக்கு நினைவு வருகிறது.

1961ஆம் வருஷம். தென்காசியில் புதிதாக ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்திருந்தது. பிள்ளைகள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வரிசையாகப் போவதைப் பார்த்தால் எனக்கு நடக்கத் தோன்றாது, நின்றுவிடுவேன். எனக்குக் குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்க் கடை. சாரல் விழுகிற மாதங்களில் குளிக்க வருகிறவர்களால்தான் பிழைப்பு. மற்ற மாதங்களில் அதை வைத்துத்தான் சாப்பாடு. அந்தப் பள்ளியின் சம்பளம் நமக்குக் கட்டுபடியாகுமா என்று வெகுநாள் பேசினோம். எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றாள் செண்பகம்.

பெரிய டீச்சர் பெயர் சுகிர்தம். பாளையங்கோட்டைக்காரர், முகம் பார்த்துப் பேசுகிறவர். எழுத்து, எண் எல்லாம் கேட்டார். குழல் தயங்காமல் சொன்னாள். கடைசியாக, "வருஷத்துக்கு எத்தனை சீசன், பாப்பா?" என்றார்.

"ஒண்ணு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஒண்ணுதான் டீச்சர். போன வருஷம் அதுவும் சரியில்லன்னு அப்பா சொன்னாவ."

எங்கள் ஊரில் சீசன் என்றால் குற்றாலச் சாரல்தான், பருவம் என்று பிள்ளைக்குத் தெரியாது என்று நான் விளக்கினேன். டீச்சருக்குச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்தப் பிள்ளையை அவசியம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நானும் சிரித்தேன். செண்பகம் சிரிக்கவில்லை.

"டீச்சரம்மா, பிள்ள சொன்னது எங்க வீட்டுக்கு நெசம். சாரல் ஒழுங்கா விழலன்னா எங்களால சம்பளம் கட்ட முடியாது. அப்ப இவள என்ன செய்வீங்க?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிர்வாகம் சில நாள் பொறுக்கும், பிறகு பெயரை அடித்துவிடும், அதைத் தடுக்கத் தன்னால் ஆகாது என்றார். வேறு மாதிரியும் சொல்லியிருக்கலாம். உள்ளதைச் சொன்னதற்குச் செண்பகம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெளியே வந்ததும், ஒரு வருஷம் பொய்த்தால் கைமாற்று வாங்கிச் சமாளிக்கலாமே என்றேன்.

"நல்ல பள்ளிக்கூடந்தான். அந்தம்மாவும் நல்லவுக," என்றாள். "ஆனா பாதியில நிப்பாட்டுனா, மழையாலன்னு பிள்ளைக்கு வெளங்குமா? தனக்குத்தான் படிப்பு வரலன்னு நெனச்சுக்கிடும்."

பள்ளியில் நுழைவதைப் பற்றி மட்டுமே நான் யோசித்திருந்தேன். அதற்கு அடுத்து வரக்கூடியதை அவள் பார்த்துவிட்டாள். அந்த வாரமே, சம்பளம் வாங்காத போர்டு பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அங்கேயும் முதலில் போய், பிள்ளையை அடிப்பார்களா, புத்தகம் யார் தருவார்கள் என்றெல்லாம் வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சேர்த்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஆடி முழுக்க வெயில் அடித்தது. அருவி பாறையாக நின்றது. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். குழல் ஒரு நாள்கூட விடாமல் பள்ளிக்கூடம் போய்வந்தாள். அந்த ஆடியில்தான் ஒரு நாள் கணக்கில் தானே முதல் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். செண்பகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, கை கழுவிவிட்டு வரச் சொன்னாள்.