அறுநூறு கிராம் அலுப்பு

பேக்கரி மாஸ்டர் சாயங்காலம் சுட்ட கேக் ஒன்றை ஒரு லாரி டிரைவர் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். மேட்டில் நின்ற லாரி ஒரு வாரம் அசையவில்லை. கேக்கிலும் கீறல் இல்லை. டிரைவர் திரும்பி வந்து, முன்சக்கரத்துக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அவர் சுடுவது பஞ்சு மாதிரி இருக்கும். சாயங்காலத்துக் கேக்தான் இப்படி. அதே மாவு, அதே அடுப்பு, அதே கை. எதிரே இருந்த தொழிற்சாலை கேன்டீனுக்கு இரண்டு வேளையும் கேக் போகிறது. கடை ஓடுவதே அதில்தான். கேன்டீன் மேனேஜர் மரியாதை தெரிந்தவர். நாளைச் சாயங்காலமும் பல்லைப் பதம்பார்க்கிற கேக் வந்தால் வேறு கடை பார்த்துக்கொள்வோம் என்பதைக்கூட, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

மாஸ்டருக்கு எல்லா அளவும் டம்ளர்தான். ஒரு வேளைக் கேக்குக்கு இருபது டம்ளர் மைதா. முப்பது வருஷமாக ஒரே டம்ளர். அதன் நெளிசல்கூடக் கணக்கில் சேர்த்தி. மனைவிக்கு அந்த டம்ளர்மேல் சந்தேகம். மளிகைக் கடையில் ஒரு தராசை இரவல் வாங்கி வந்தாள். ஒரு டம்ளர் எத்தனை கிராம் என்று எழுதி வைத்துக்கொண்டால், அப்புறம் டம்ளரே வேண்டாம் என்பது அவள் யோசனை.

மறுநாள் காலையில் அளந்தார்கள். சர்க்கரை இருநூறு கிராம். எண்ணெய் இருநூற்று இருபது. மைதா நூற்றிருபது. சுவரில் கரியால் எழுதினாள். ஒரே டம்ளருக்கு எதற்கு இத்தனை எடை என்று மாஸ்டர் சலித்துக்கொண்டார். டம்ளர் பார்ப்பது இடத்தை, தராசு பார்ப்பது கனத்தை என்றாள். விடிந்ததும் விடியாததுமாகப் பாடமா என்றார் அவர்.

சாயங்காலம், எழுதியது சரிதானா என்று பார்க்க மறுபடி அளக்கச் சொன்னாள். சர்க்கரை அதே இருநூறு. எண்ணெயும் மாறவில்லை. மைதா மட்டும் நூற்றைம்பது. இன்னொரு டம்ளர் போட்டார், அதுவும் நூற்றைம்பது.

அவள் தராசைப் பார்ப்பதை விட்டு அவரைப் பார்த்தாள். விடியுமுன்னே எழுந்த மனுஷன். மாவை மொண்டதும் டம்ளர் வாயில் உள்ளங்கையை வைத்தார். மொத்த உடம்பையும் அதன்மேல் சாய்த்தார். கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகுதான் கொட்டினார்.

“ஏங்க, என்ன பண்றீங்க?”

“மாவு அளக்கறேன்.”

“அளக்கலை. டம்ளர் மேல படுத்து எந்திரிக்கறீங்க.”

மாஸ்டர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காலைல இருந்து நிக்கறேன். வேற எதுமேல சாயறது?”

டம்ளருக்கு முப்பது கிராம். இருபது டம்ளருக்கு அறுநூறு கிராம் அலுப்பை இத்தனை நாளாகத் தொழிற்சாலைக்காரர்கள் மென்றிருக்கிறார்கள். அவள் தராசிலேயே மாவைக் கொட்டி, இரண்டு கிலோ நானூறு நிறுத்தாள். மாஸ்டருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காலி எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்து, மேலே சாக்கை மடித்துப் போட்டாள்.

“இதுல உக்காருங்க. இதை யாரும் திங்கப் போறதில்லை.”

அன்று மேனேஜர் இரண்டு துண்டு தின்றார், தண்ணீர் கேட்கவில்லை. நாளைக்கும் அனுப்பச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து லாரி டிரைவர் வந்து கேக்கை விரலால் அமுக்கினார். விரல் உள்ளே போய்விட்டது.

“சரக்கு முன்ன மாதிரி இல்லையே, மாஸ்டர்.”

எழுந்து சமாதானம் சொல்லலாமா என்று மாஸ்டர் யோசித்தார். டின்னை விட்டு எழ மனசு வரவில்லை.