கசிவு விளக்கு

தமிழ்மாறனின் கார் ஷோரூம் வாசலில் அந்த ஹைட்ரஜன் கார் மாலையும் சந்தனமுமாக நின்றது. நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி தட்டில் சூடத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். காரின் தொட்டியில் மட்டும் ஒரு பொட்டு வாயு கிடையாது. அது உமேஷ் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவன் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியின் சோதனை வண்டி அது. தமிழ்மாறன் விழாவுக்காகக் கேட்டிருந்தார். வண்டியோடு யார் போவது என்ற பேச்சு வந்தபோது உமேஷ் கையைத் தூக்கினான். மனைவி வித்யாஸ்ரீ செத்ததிலிருந்து எதற்கும் வாய் திறக்காதவன். பையன் தேறிவிட்டான் என்று துறையில் எல்லோருக்கும் சந்தோஷம்.

போன ஐப்பசி மழையில் பழங்காநத்தத்தில் தேங்கிய தண்ணீரில் வித்யாஸ்ரீயின் பேட்டரி கார் கதவுவரை முங்கியது. மறுநாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இதே ஷோரூமில்தான் கொண்டுவந்து விட்டார்கள். பேட்டரியைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். தமிழ்மாறன் லேப்டாப்பைச் செருகி விளக்கை மட்டும் அழிக்கச் சொன்னார். "ஒண்ணும் இல்லம்மா, தைரியமா ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தார். வீட்டுக்குக் கீழே சார்ஜில் கிடந்தபோது கார் பற்றிக்கொண்டது. புகை மாடிப்படி வழியாக ஏறியது. மேலே வித்யாஸ்ரீ தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்க வீட்டு பிளக்கு சரியில்ல" என்றார் தமிழ்மாறன், விசாரணையில். அதோடு முடிந்தது. விளக்கை அழித்த மெக்கானிக் அழகுமலை பிற்பாடு ஒருநாள் வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். "சாட்சிக்குக் கூப்பிட்டுராதீங்கண்ணே, புள்ளகுட்டிக்காரன்" என்றான். உமேஷ் கூப்பிடவில்லை. தமிழ்மாறன் வாயிலிருந்தே அது வரவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தான்.

சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு தமிழ்மாறன் பேச ஆரம்பித்தார். வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் பேட்டரி கார் வாங்கியவர்கள்.

"பேட்டரிய நம்பி இனி ஒண்ணும் ஆகாது. பழங்காநத்தத்துல வீடே கரியாப் போச்சா இல்லையா? பாவம், சின்னப் பொண்ணு. அதான் சொல்றேன், ஹைட்ரஜனுக்கு மாறுங்க. அஞ்சே நிமிசத்துல நிரப்பிரலாம். பின்னாடி புகை வராது, தண்ணி வரும். டம்ளர்ல பிடிச்சுக் குடிக்கலாம்!"

"குடிக்கிறது இருக்கட்டும்ணே, எங்க போயி நிரப்புறது? பேரையூர்ல பங்க் வைக்கப்போறீகளா?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

"வரும்யா. பேட்டரி காரு வந்தப்பவும் இப்படித்தான பல்ல காட்டுனீக."

உமேஷ் சிரிக்கவில்லை. மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் பிரித்து, அழுத்தி அடைத்து, லாரியில் ஏற்றி, மறுபடி காருக்குள் மின்சாரமாக்கினால் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது மூன்றில் ஒரு பங்கு. பேட்டரியில் முக்கால் பங்குக்கு மேல் சேரும். மேடையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவனுக்குப் பேட்டரியோடு பகை இல்லை. பகையாளி நாலடி தள்ளி வெள்ளை வேட்டியில் நின்றான். அவளுடைய சாவைச் சொல்லி அடுத்த காரை விற்றுக்கொண்டிருந்தான்.

தமிழ்மாறனுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்ந்து, உடம்பு பாதியாகியிருந்தது. கல்லூரியின் நீலச் சட்டை வேறு.

"தம்பி, மொதலாளி உக்காந்து பழத்த ஏத்துறதுதான முறை? சாவியக் குடுங்க."

"உக்காருங்கண்ணே."

ஏறி உட்கார்ந்தார். உமேஷ் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டான். பூசாரி சூடத்தைப் பற்றவைத்தார். கையிலிருந்த லேப்டாப்பில் உமேஷ் ஒரு பொத்தானைத் தட்டினான். ஆய்வகத்தில் சோதனைக்குப் பயன்படுத்தும் கட்டளை. உள்ளே திரை சிவந்தது. பீப் பீப் என்று அலறியது.

"என்ன தம்பி இது?"

"ஹைட்ரஜன் கசியுதுங்கிற வெளக்குண்ணே. ஒண்ணும் இல்ல. அழிச்சுரலாம். அதோட தீ பகல்ல கண்ணுக்குத் தெரியாது, அம்புட்டுத்தான்."

தட்டு முன்கண்ணாடி வரை வந்துவிட்டது. தமிழ்மாறன் கதவைத் தள்ளினார். உமேஷ் நகரவில்லை.

"கதவ விடுறா! யோவ் பூசாரி, சூடத்த அணைய்யா!"

"தைரியமா ஓட்டுங்கண்ணே."

"கிறுக்குப்பயலே! வெளக்கு எரியுறப்ப எவனாச்சும் வண்டியில உக்காருவானாடா? வெளக்க அழிச்சா உள்ள இருக்கிற கோளாறு போயிருமா?"

சட்டை மைக் அத்தனையையும் ஒலிபெருக்கியில் கொண்டுபோய்க் கொட்டியது. மேளம் நின்றது.

உமேஷ் கதவை விட்டு விலகினான். தமிழ்மாறன் வேட்டி தடுக்கி, ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல் விழுந்தார்.

"வித்யாஸ்ரீ வண்டியில அத ஏண்ணே சொல்லல?" என்றான் உமேஷ்.

தரையிலிருந்தபடி தமிழ்மாறன் அவன் முகத்தைப் பார்த்தார். இப்போது தெரிந்துவிட்டது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கனகலட்சுமி எழுந்தாள். போன வருசம் பேட்டரி கார் வாங்கியவள். "ஆனி மாசம் என் வண்டியிலயும் வெளக்கு எரிஞ்சுச்சே. ஒரு மணி நேரத்துல சரி பண்ணிட்டேன்னு குடுத்த. அழிச்சுத்தான் குடுத்தியா?"

இதுவரை அவரை வாங்க போங்க என்று அழைத்தவள்.

"எனக்கும் அப்படித்தான்யா குடுத்தான்." "டேய், பதில் சொல்றா." நாற்காலிகள் சரிந்தன. செல்போன்கள் உயர்ந்தன. பூசாரி சூடத்தை ஊதி அணைத்துவிட்டுத் தட்டோடு ஒதுங்கினார்.

தமிழ்மாறன் தவழ்ந்து உமேஷின் காலருகே வந்தார். "தம்பி, நெசமாவே கசியுதா?"

"தொட்டி காலிண்ணே."

"பெறகென்ன? அந்த வெளக்க அணைங்க தம்பி. எல்லாரும் படம் புடிக்கிறாங்க. பொழப்பே போயிரும். கால்ல வேணா விழுறேன்."

உமேஷ் லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கார் சிவப்பாகக் கத்திக்கொண்டே இருந்தது.

"அழிக்க எனக்கும் தெரியும்ணே" என்றான். "அழிக்க மாட்டேன்."